இன்னைக்கு நடை யாருக்கு?

அவர் பக்தரா, பைத்தியமா, பெரிய கள்ளரா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தெரிந்தால் சொல்லமாட்டேனா? ஒரே வீட்டில், ஒரே குழாயடியில் வருஷக்கணக்காகப் புழங்கிய மனிதர். அவர் காறித் துப்பும் சத்தம்கூட எனக்கு மனப்பாடம். ஆனால் ஆள் எப்படி என்று ஒரு வார்த்தையில் சொல்லு என்றால் இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

பலகை அண்ணன் என்போம். சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பினாங்கு ரோட்டில் இருந்த ஒரு வாயாங் கொட்டகைக்கு விளம்பரப் பலகை சுமப்பது அவர் தொழில். அப்போதெல்லாம் பயாஸ்கோப்புக்கு எங்கள் ஊரில் வாயாங் என்றுதான் பேர். கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் இறங்குகிற இரண்டு பலகைகள். தோல்வாரில் கோத்து மார்புக்கு முன்னால் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. முன்பலகையில் தமிழ், பின்பலகையில் சீனம். எதிரே வருகிற நம் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பார்கள். பின்னால் வருகிற சீனர்கள் அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே படிப்பார்கள். சூலியா தெரு, கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம், பாசார் என்று கூட்டம் நெரிகிற இடமாகப் பார்த்துச் சுற்றிவிட்டுக் கொட்டகை வாசலில் போய் இறக்க வேண்டும். இதுதான் வேலை.

நாங்கள் குடியிருந்தது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே மிளகாய் அரைக்கிற மில், மேலே குடித்தனங்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்து மாதிரி அறை அவருக்கு. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன மறுநாள் காலை, வாளியோடு குழாயடியில் நிற்கிறேன். இவர் முகம் கழுவி, துண்டால் துடைத்து, நின்றிருந்த பெண்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னைக்கு நடை யாருக்கு?"

நான் திருதிருவென்று விழித்தேன். கீழ்க்குடித்தனத்து மீனாட்சி அக்காதான் காதோடு சொன்னாள். "அவரு பலகையைச் சும்மா தூக்க மாட்டாரு ரோசு. யார் பேருக்காச்சும் நேந்துகிட்டுத்தான் தூக்குவாரு. காவடி மாதிரி லா."

"பயாஸ்கோப் பலகையையா?"

"அதைத்தான்."

எனக்கு வந்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "புதுப் பொண்ணா? சரி, இன்னைக்கு உங்களுக்கே நடந்துடறேன், தங்கச்சி. நல்லா இருங்க" என்று பலகையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டேனா? கேட்கவே இல்லை.

மாட்டிவிட்டால் அவ்வளவுதான். கொட்டகை வாசலில் இறக்குகிற வரைக்கும் பேச மாட்டார். உட்கார மாட்டார். தண்ணீர் குடிக்க மாட்டார். காலில் செருப்பு கிடையாது. மழை பெய்தாலும் அஞ்சடியில், அதாவது கடை வாசல்களில் கூரையோடு ஓடுகிற நடையில் ஒதுங்க மாட்டார். பலகையின் அகலத்துக்கு அங்கே நுழையவும் முடியாது. நடுவில் இறக்கினால் நேர்ந்த ஆளுக்கு ஆகாதாம். தனக்கென்று நடக்கவும் கூடாதாம். ஒரு தடவை கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிப் பல்வலியில் துடித்தார். "இன்னைக்கு உங்க பல்லுக்கே நடங்களேன் அண்ணே" என்றாள் மீனாட்சி அக்கா. மனிதருக்கு வந்ததே ஆத்திரம்!

"எனக்கு நானே மொய் எழுதிக்கவா? நல்லா இருக்கு உங்க நாயம்!"

அன்றைக்கு மில் முதலாளியின் மூலவியாதிக்கு நடந்தார்.

சரி, பெரிய பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் பள்ளிவாசல் பக்கம் போய் நாசி கண்டார் சோறு விற்கிறவரிடம் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி ஒரு பிடி பிடிப்பார். அதற்கப்புறம் சொட்டுத் தண்ணீர் குடிக்காத விரதம்! ரிக்‌ஷாக்காரர்களைச் சீனத்தில் திட்டுவார், மாட்டுவண்டிக்காரர்களை மலாயில் திட்டுவார், எங்களைத் தமிழில் திட்டுவார். எல்லாம் பலகை தோளில் ஏறுகிற வரைக்கும். மாரியம்மன் கோயில் படியை மிதித்து யாரும் பார்த்ததில்லை. நானும் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, எந்தச் சாமிக்கு இப்படி நேந்துக்கிறீங்க?"

"சாமிக்கு என்ன தங்கச்சி குறைச்சல்? மனுசருக்குத்தான்."

"நீங்க இந்துவா, எங்க மாதிரி மாதாகோயில் வேதமா?"

"பலகைக்காரன்" என்றார். போய்விட்டார்.

மனுசருக்கு என்றாரே தவிர, மீனாட்சி அக்காவின் ஆடு தழை தின்னாமல் கிடந்தபோது அதற்கும் நடந்தார். சாயங்காலம் ஆடு எழுந்து கொடியில் காய்ந்த என் புதுச் சேலையைத் தின்றது. பக்கத்துச் சந்து சீனத்தியின் பூனைக்கும் நடந்தார். பூனை செத்துப்போயிற்று. "என்ன அண்ணே, இப்படி ஆயிடுச்சு?" என்று சீண்டினேன். "நடக்கிறது என் வேலை. பலிக்கிறது வேற ஆளு வேலை" என்று பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. அவருக்குப் பலகை அண்ணன் என்றால் உயிர். ஆனால் நடை யாருக்கு என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "என்ன அண்ணே, இன்னைக்கு என்ன படம்?" என்றுதான் கேட்பார். சிரிப்புப் படம் என்றால் என் வீட்டுக்காரருக்குச் சோறு வேண்டாம். குண்டன் ஒருவன் நாற்காலியில் உட்காரப் போய் விழுவான். அதைப் பத்துத் தடவை காட்டினாலும் பத்துத் தடவையும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். இந்த ஆளுக்குப் போய் வாக்கப்பட்டேனே என்று நானும் சிரிப்பேன்.

ஒரு தைப்பூசத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். வேதக்காரர்கள் போகலாமா என்றால், போனோம், அவ்வளவுதான். திருநாள் கூட்டத்தைப் பிடிக்கக் கொட்டகையின் சீன முதலாளி பலகைக்குப் பூச்சரம் சுற்றி, மேலே மயிலிறகு செருகிப் பலகை அண்ணனை அனுப்பியிருந்தார். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், படிப்பு வாசனை இல்லாதவள் போலும், பூவையும் மயிலிறகையும் வெறுங்காலையும் பேசாத வாயையும் பார்த்தாள். குடத்து மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டாள். பலகையில் குண்டன் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான்! அடுத்தவள் ஊற்றினாள். அதற்கு அடுத்தவளும் ஊற்றினாள். பலகை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முகத்தில் ஏய்ப்பு இல்லை. வெட்கமும் இல்லை. என்ன இருந்தது என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஊர்ச்சனம் காலையில் எங்கள் சந்துக்கு வர ஆரம்பித்தது. பிள்ளைக்குச் சுகமில்லை, புருஷன் கப்பலேறிப் போய்க் கடிதாசி இல்லை என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்வாள். ஒரு சல்லி வாங்கமாட்டார். கேட்டுக்கொண்டு, ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போவார். என்றைக்காவது பேர் சொல்லாமல் போனால்தான் எங்களுக்குப் பயம். யார் வீட்டில் வரப்போகிற கேட்டை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டாரோ என்று அன்று முழுக்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்போம்.

மனசு கேட்காமல் எங்கள் கோயில் சாமியாரிடமே போனேன். பிரெஞ்சுக்காரர், புத்தகத்தில் இருக்கிறபடி தமிழ் பேசுவார், அதையும் மூக்கால் பேசுவார். "பூசை யாருக்காகன்னு நீங்க கருத்துக் கேக்கிற மாதிரி இந்த ஆளு பயாஸ்கோப் பலகைக்குக் கருத்துக் கேக்கிறாரு சாமி. இது பாவமா?" என்றேன்.

சாமியார் தாடியைத் தடவினார். "அந்த மனிதர் பணம் வாங்குகிறாரா?"

"இல்ல சாமி."

"பொய்த் தேவர்களின் பெயரை உச்சரிக்கிறாரா?"

"ஒரு சாமி பேரும் சொல்றதில்ல."

மறுபடி தாடியைத் தடவினார். என்னைவிட அவர் அதிகம் குழம்பிவிட்டார் என்று தெரிந்தது. கடைசியில் கேட்டார்: "என்ன படம் ஓடுகிறது?"

அந்த வருஷ மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் படுத்தார். டைபாய்டு காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த வாரம் தாண்டினால் பிழைத்தார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று கஞ்சித் தூக்குச்சட்டியோடு ஓடினேன். சாமியாரிடம் பூசைக்குக் கருத்துக் கொடுத்தேன். அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபமாக நவநாள் தொடங்கினேன். செபமாலை உருட்டி உருட்டி விரல் காய்த்தது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவர் போனால் அந்த ஊரில் நான் ஒற்றை மரம்.

ஒருநாள் காலை குழாயடியில் பலகை அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் அண்ணே" என்றேன், முடிக்கவிடாமல். "அவருக்குப் பூசை வச்சிருக்கு, நவநாள் ஓடுது. கோமாளிப் பலகையெல்லாம் எங்களுக்கு வேண்டாம்."

பலகை அண்ணன் வாயைத் திறந்து, மூடி, "சரி தங்கச்சி" என்றார். வேறு யாரையும் கேட்கவில்லை. ஒரு பேரும் சொல்லாமல் பலகையை மாட்டிக்கொண்டு போனார். மீனாட்சி அக்கா என்னையே பார்த்தாள். "சொல்லாமப் போறாரே ரோசு" என்றாள்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆளையே அடையாளம் தெரியவில்லை அவருக்கு. நிறைந்த சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். சூலியா தெரு முனையில் கூட்டம். மாட்டுவண்டிச் சக்கரம் பலகை அண்ணனின் காலில் ஏறிவிட்டது. பாதம் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. மனிதர் ஒரு கடைத் தூணில் சாய்ந்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு பலகையும் தோளில் அப்படியே இருக்கின்றன. யாரையும் கழற்ற விடவில்லை. பேசவும் இல்லை. கண்ணீர் மட்டும் ஓடுகிறது.

"இறக்கி வைங்கண்ணே! உயிரா போயிடும்?" என்று கடைக்காரர் கத்தினார். அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "யாருக்கு அண்ணே?" என்றேன். பலகை தோளில் இருக்கிறபோது சொல்லமாட்டாரே! என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லியும் இந்த மனிதர் என் புருஷனுக்குத்தான் நேர்ந்திருக்கிறார். இப்போது பாதியில் நிற்கிறது. இறக்கினால் ஆகாது. நம்புகிறேனா இல்லையா என்று யோசிக்க அப்போது எனக்கு ஏது நேரம்? சட்டியை அவர் கையில் திணித்தேன். குனிந்து, அவர் தோளோடு என் தோளை ஒட்டி, தரையில் படாமல் வாரை என் மேல் மாற்றிக்கொண்டேன். செருப்பை உதறினேன். நடந்தேன்.

கனமென்றால் கனம், கழுத்தை அறுக்கிற கனம். பலகையின் விளிம்பு முழங்காலில் இடித்தது. முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், தூணருகே நிற்கும்போதே படித்துவிட்டேன்: வயிறு குலுங்கச் சிரிக்க வாருங்கள். கீழே என் வீட்டுக்காரரின் அதே குண்டன். கிராணி பெண்சாதி பலகை தூக்குகிறாள் என்று காப்பிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆபீஸ் ஆள் ஒருவர் ரிக்‌ஷாவில் போகிறவர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் சீனப் பையன்கள் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாய்க்குள் அந்தோனியாரே என்று ஆரம்பித்தேன். அது எங்கேயோ போய், தைப்பூசத்து முருகனை, தண்ணீர்மலையானே என்று வந்து நின்றது. அடக் கடவுளே, இப்போது யாரைக் கூப்பிட்டேன் என்று பயந்து, அருள் நிறைந்த மரியே என்று மறுபடி தொடங்கினேன்.

பூக்கடை வாசலில் ஒருத்தி குடத்தோடு ஓடிவந்தாள். யார், என்ன என்று கேட்கவில்லை. தண்ணீரை என் காலில் ஊற்றினாள். சூடேறிக் கிடந்த காலுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் நடுரோட்டில், குண்டனைச் சுமந்துகொண்டு, ஓவென்று அழுதேன். நிற்காமல் அழுதுகொண்டே நடந்தேன்.

கொட்டகை வாசலில் சீன முதலாளி என்னைக் கண்டு எழுந்தார். ஒன்றும் கேட்காமல் தன் கையாலேயே பலகையை இறக்கினார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "ரோசு, இன்னைக்கு என்ன படம்?" என்றார். குண்டன் படம் என்றேன். சிரித்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பட்டதில்லை. பூசையா, நவநாளா, பலகையா, எது பலித்தால் என்ன, எல்லோருக்கும் கும்பிடு என்று இருந்தேன்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்தது. நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். அந்தோனியாரைப் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியுமா? சாமியாரைக் கேட்டால் தேவசித்தம் என்பார். கேட்க ஒரு ஆள்தான் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே, காலில் மூங்கில் பத்தை கட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் தூக்குச்சட்டி பளபளவென்று துலக்கி வைக்கப்பட்டிருந்தது.

"கஞ்சியைக் குடிச்சிட்டேன் தங்கச்சி. வீணாப் போயிடுமேன்னு" என்றார்.

"கஞ்சி கிடக்கட்டும்!" என்று கத்தினேன். "தரையில படாம வாங்கினேன். பேசல. உக்காரல. வாசல்லதான் இறக்கினேன். ஒரு குறை வச்சேனா? அப்புறம் ஏன் போனாரு? சொல்லுங்க, அன்னைக்கு நடந்த நடை எங்க போச்சு?"

அவர் என்னை விழித்துப் பார்த்தார். "அன்னைக்கு நடை தம்பிக்கு இல்லையே, தங்கச்சி" என்றார்.

"இல்லையா? பின்னே?"

"உங்களுக்கு."

"எனக்கா?"

"தம்பிக்குத்தான் பூசை இருக்குதுன்னீங்களே. நவநாளு தம்பிக்கு, டாக்டரு மருந்தெல்லாம் தம்பிக்கு. சட்டியத் தூக்கிக்கிட்டு மூணு வேளையும் மழையிலயும் வெயில்லயும் ஓடுறீங்க, உங்களுக்குன்னு யாரும் ஒண்ணும் கேக்கலியே. அதான் கேக்கலாம்னு வந்தேன். நீங்க வேணாம்னுட்டீங்க. மனசு கேக்கல, அதான் சொல்லாம நடந்தேன்."

அறைவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"அப்போ நான் எனக்கே மொய் எழுதிக்கிட்டேனா அண்ணே? அது ஆகாதுன்னுவீங்களே."

அவர் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முகம் மாறிவிட்டது. "நீங்க தம்பிக்குன்னு நினைச்சுத்தானே சுமந்தீங்க?"

"ஆமா."

"நான் உங்களுக்குன்னு எடுத்தது. நீங்க தம்பிக்குன்னு சுமந்தது..." விரலை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "தெரியல லா தங்கச்சி. சத்தியமாத் தெரியல" என்றார்.

அடக்கத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவரும் அழுதார். யாருக்கு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.